வடியும் நேரம்

ஒரு நாளைக்கு நாலு முறை
என் வயிற்றிலிருந்து இரண்டு லிட்டர் நீர்
தரையில் கிடக்கும் பைக்கு இறங்க வேண்டும்.
குழாயைப் பொருத்தும்வரை
விசிறி ஓடக்கூடாது, சன்னல் திறக்கக்கூடாது,
முகத்துக்கு மூடி. சிரம்பான் ஆஸ்பத்திரித் தாதி
விரல்விட்டு எண்ணிச் சொன்னது.
பொருத்திய பிறகு என்ன செய்வதென்று
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் அடுக்குக் கண்ணாடியில்
நாலாவது தகட்டை உருவிவிட்டேன்.
லென்ஸ் மட்டும் தலைநீட்டும் சந்து.

பகாவ் அடகுக் கடையில் தொள்ளாயிரம் வெள்ளி.
மீட்க வராத யாரோ ஒருவரின் கேமரா.
லென்ஸுக்குள் எள்ளளவு பூஞ்சை.
படத்தில் விழாது பாஸ் என்றான் கடைப் பையன்.
விழுகிறது.
எல்லா வானத்திலும் வலது மூலையில்
மழை வரப்போகிற மாதிரி ஓர் இடம்.

பின்வேலிக்கு அந்தப்புறம் மறுநடவு.
கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்துத் துண்டுபோட்டு
வரிசையாய்க் குவித்திருக்கிறார்கள்.
இடையில் முழங்கால் உயரக் கன்றுகள்.
துண்டுகளுக்கடியில் எலி.
எலிக்கு மேலே,
கயிறு இல்லாமல் காற்றில் கட்டிவைத்தது போல்
கருந்தோள் பருந்து.
வெள்ளை வயிறு, மிளகாய்ப்பழக் கண்.
ஒரே இடத்தில் நிற்பதற்கு
அவ்வளவு சிறகடிக்க வேண்டியிருக்கிறது அதற்கு.
எனக்கு ஒரு குழாய் போதும்.

தொடக்கத்தில் எடுத்ததெல்லாம் மின்கம்பம்.
பறந்துபோன பிறகு கம்பம்.
பறக்கப்போகிறது என்று நம்பிக் கம்பம்.
பிறகுதான் பிடிபட்டது:
எச்சம் போட்டுவிட்டுத்தான் எழும்.
வாலைத் தூக்கினால் விரலை அழுத்து.

பக்கத்து வீட்டு எத்திராஜுலு வந்தது வியாழக்கிழமை,
மத்தியானப் பை வடியும்போது.
பின்பாக்கெட்டில் உண்டிவில்.
"செபஸ்தி, அஞ்சு குஞ்சு போச்சு.
அந்த வெள்ளைக்காரன்தான்.
ஒன்கிட்ட படம் இருக்குமே, காட்டு."
நகர முடியாதவனிடம் வந்து கேட்டால்
காட்டாமல் எங்கே போவது.

எலி. எலி. வெறும் கம்பம். எலி.
பல்லியோ ஓணானோ, வால் மட்டும்.
எலி.
"இவ்வளவு எலியா" என்றார்,
நான்தான் வளர்த்துவிட்டதுபோல்.

நாற்பத்தொன்றாவது எனக்குத் தெரியும்.
செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை.
அது வேறு பறவை. உடம்பு செம்மண்,
தலை மட்டும் வெள்ளை.
காலில் மஞ்சளாக ஒரு பஞ்சு.
வெள்ளையை விடுவிக்க
சிவப்பைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.
இருட்டுப் படம், விடுங்கள் என்று இழுப்பதற்குள்
அவர் கட்டைவிரல் அழுத்திவிட்டது.

சனிக்கிழமைகளில் வாசலில் நின்று
அண்ணாந்து தேடுகிற மனிதர்.
அது வட்டமிடுவதைக் கண்டுவிட்டால்
நடுச்சாலையில் மோட்டாரை நிறுத்திக்
கன்னத்தில் போட்டுக்கொள்வார்,
பின்னால் லோரி அலறும்.

இப்போதும் கை தானாகக் கிளம்பியது.
பாதி வழியில் நின்றது.
மூக்கைச் சொறிந்துகொண்டு இறங்கியது.

"கருடாழ்வாரு."
"ஆமாம்."
"அஞ்சுமா?"
"ஒண்ணுதான் நான் பாத்தேன்."

வெளியே கம்பத்தில் வெள்ளை வந்து உட்கார்ந்தது.
அவர் திரும்பவில்லை.
குழாயில் நீர் போகிறதா நிற்கிறதா என்பதுபோல்
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருசா ஒண்ணு அடிச்சுக் குடு.
சாமி மேடைக்கு.
தலை மட்டும். காலு வரவேணாம்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்து,
"மூலையில அது என்ன, மேகமா?"
"மேகந்தான்."

வடிந்து முடிந்திருந்தது.
கவ்வியை அழுத்திப் பையைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிவு.
நோட்டில் எழுதினேன்:
ஒன்றரை மணி. இரண்டாயிரத்து நூறு.
வேலிக்கு அப்பால் சுத்தியல் சத்தம்,
கோழிக்கூண்டுக்கு வலை அடிக்கிறார்.

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தால்
வெறும் கம்பம்.
எடுத்தேன்.